சினிமாவிலும் சீரியலிலும் கற்ற பாடங்களில் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். கேட்டவர் சின்ன வயதிலிருந்து படங்களும் தொடர்களும் பார்த்தே வளர்ந்தவர். நட்பு, காதல், தைரியம், கோபத்தை எப்படிக் காட்டுவது என்று பலதையும் திரையில் பார்த்துத்தான் கற்றுக்கொண்டதாகச் சொல்கிறார். போன வருடம் மேலாளர் எல்லோர் முன்னிலும் அவமானப்படுத்தியபோது, தனக்கு மிகவும் பிடித்த ஒரு படத்தில் நாயகன் செய்வதுபோலவே அடையாள அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டார். ஏழு மாதமாக வேலை இல்லை. "படம் பார்த்து வாழ்க்கைப் பாடம் கற்பது முட்டாள்தனமா?" என்பது அவர் எழுதிய கேள்வி. ஆனால் முழுக்கப் படித்தால் அவர் கேட்பது வேறு என்று தோன்றுகிறது. இத்தனை வருடம் உள்ளே போனதில் எதை வைத்துக்கொள்ளலாம், எதைத் தூக்கிப் போட வேண்டும்? அதற்குத்தான் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. நான் சொல்வதில் எதற்கு எவ்வளவு எடை கொடுப்பது என்று நீங்கள் முடிவு செய்ய அது தேவை. 19 வருடம் எடிட்டராக வேலை பார்த்தேன். பெரும்பாலும் தொலைக்காட்சித் தொடர்கள், நடுநடுவே சில படங்கள். இப்போது ஆறு வருடமாக எடிட்டிங் வகுப்பு எடுக்கிறேன். உளவியலை முறையாகப் படித்த ஆள் இல்லை. வகுப்புக்காக ஆய்வுகளைத் தேடிப் படித்ததோடு சரி. ஆகவே ஒரு காட்சி எப்படித் தயாராகிறது என்று நான் சொல்வதை நம்பி எடுத்துக்கொள்ளலாம். அது பார்ப்பவர் மனதில் என்ன செய்கிறது என்பதில் ஆய்வாளர்கள் சொன்னதைத்தான் நான் திருப்பிச் சொல்ல முடியும். அவர்களே அடித்துக்கொள்ளும் இடங்களும் உண்டு.

முட்டாள்தனமா என்றால், இல்லை. 1944-இல் ஃபிரிட்ஸ் ஹைடர், மரியான் சிம்மல் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு குட்டிப் படம் செய்தார்கள். ஒரு பெரிய முக்கோணம், ஒரு சின்ன முக்கோணம், ஒரு வட்டம், கதவுபோலத் திறந்து மூடும் பக்கம் கொண்ட ஒரு செவ்வகம். இவை அங்கும் இங்கும் நகரும், அவ்வளவுதான் படம். பார்த்ததை எழுதச் சொன்னபோது 34 பேரில் ஒரே ஒருவர்தான் அதை வெறும் வடிவங்களின் அசைவாக எழுதினார். மற்ற அத்தனை பேருக்கும் அவை உயிருள்ளவையாகத் தெரிந்தன. பெரும்பாலானோருக்கு மனிதர்களாகவே தெரிந்தன. பெரிய முக்கோணம் அடாவடி, வட்டம் பயந்து ஒளிகிறது, சின்ன முக்கோணம் துணிந்து எதிர்க்கிறது என்று கதையே சொல்லிவிட்டார்கள். வகுப்பில் இதை வருடா வருடம் போட்டுக் காட்டுகிறேன். ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் வட்டம் தப்பித்ததும் பெருமூச்சு விடுவார். முக்கோணத்துக்கே இந்தக் கதி என்றால், ஒரு நல்ல நடிகரின் முகத்தைப் பார்த்துவிட்டு எதையும் எடுத்துக்கொள்ளாமல் எழுந்து போக முடியுமா? நீங்கள் கற்றுக்கொள்ளக் கூடாது என்று முடிவு செய்தாலும் கற்றுக்கொள்ளத்தான் செய்வீர்கள்.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூராவின் வேலை. 1961-இல் அவர் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் செய்த பொம்மைப் பரிசோதனையை நிறையப் பேர் கேள்விப்பட்டிருப்பீர்கள். காற்றடைத்த பெரிய பொம்மையைப் பெரியவர் ஒருவர் அடிப்பதைப் பார்த்த குழந்தைகள், பிறகு தாங்களும் அடித்தார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது 1965-இல் அவர் வெளியிட்ட தொடர்ச்சி. அதில் குழந்தைகளுக்குப் படமாகவே காட்டினார்கள். அடிப்பது எல்லாருக்கும் ஒன்றுதான், முடிவு மட்டும் மூன்று விதம். ஒன்றில் அடித்தவருக்குப் பரிசு, ஒன்றில் தண்டனை, ஒன்றில் எதுவும் நடக்காது. தண்டனை முடிவைப் பார்த்த குழந்தைகள் குறைவாகத்தான் அடித்தார்கள். சரி, பாடம் ஏறிவிட்டது என்று நினைக்கலாம். ஆனால் அப்புறம், "அவர் என்னென்ன செய்தார் என்று செய்து காட்டினால் பரிசு உண்டு" என்று சொன்னதும் மூன்று கூட்டமும் கிட்டத்தட்ட ஒரே அளவுக்குச் செய்து காட்டின. தண்டனையைப் பார்த்த குழந்தைகளும் கற்றுத்தான் வைத்திருந்தார்கள், வெளியே காட்டவில்லை, அவ்வளவுதான்.

உங்கள் கதையைப் படித்ததும் எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது. அடையாள அட்டையைக் கழற்றும் அந்தக் காட்சி உங்களுக்குள் எத்தனையோ வருடமாகக் கிடந்திருக்கும். சந்தர்ப்பம் வந்த அன்றைக்கு எழுந்து வந்தது. இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்லிவிட வேண்டும். அடிக்கவே செய்யப்பட்ட பொம்மையை அடிப்பதும் ஒரு மனிதரை அடிப்பதும் ஒன்றாகுமா, அறைக்குள் சில நிமிடம் நடந்ததை வைத்து வருடக்கணக்கான வாழ்க்கையைப் பேசலாமா என்று பண்டூராவை விமர்சித்தவர்கள் உண்டு. அந்த விமர்சனம் நியாயமானது. பார்த்தால் கற்கிறோம் என்பது உறுதி. பார்த்ததால்தான் இப்படி ஆனோம் என்று ஒரு தனி மனிதரைக் காட்டிச் சொல்வது உறுதியில்லை. நீங்கள் அந்தப் படத்தைப் பார்த்திருக்காவிட்டாலும் அன்றைக்கு எழுந்து போயிருக்கலாம்.

இனி என் மேசையிலிருந்து. ஒரு தொடரில் தம்பி அக்காவிடம் மன்னிப்புக் கேட்கும் சீன். எழுதியிருந்த வசனம் இது: "தப்பு என்மேலதான்க்கா. ஆனா அன்னிக்கு நீயும் அப்படிப் பேசியிருக்கக் கூடாது, நான் எந்த நிலைமையில இருந்தேன்னு உனக்கு..." என்று நாற்பது நொடி போகும். எபிசோடு நேரம் தாண்டிவிட்டது, எங்கேயாவது குறைக்க வேண்டும். வேறு வழியில்லாமல் "தப்பு என்மேலதான்க்கா" என்றதோடு வெட்டிவிட்டு, அக்காவின் முகத்தை மூன்று நொடி அப்படியே விட்டேன். ஓட்டிப் பார்த்தால் சீன் வேறு ஆளாகிவிட்டது. அதுவரை அது சண்டையின் அடுத்த சுற்று மாதிரி இருந்தது. இப்போதுதான் மன்னிப்பாக இருந்தது. இயக்குநர் வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். அவர் ஒன்றும் சொல்லாமல் போனால் பாராட்டு என்று பொருள். ஒரு "ஆனா" என்ன வேலை செய்கிறது என்பதை எந்தப் பெரியவரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. டைம்லைனில் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

அந்தச் சமயம் எனக்கும் என் சொந்த அக்காவுக்கும் பேச்சு இல்லை. தொலைபேசியில் கூப்பிட்டு, தப்பு என்னுடையது என்று மட்டும் சொன்னேன். "ஆனா" நாக்கு நுனி வரைக்கும் வந்தது, விழுங்கிவிட்டேன். தொடரில் அந்தச் சீன் முடிந்ததும் அக்கா தம்பியைக் கட்டிப்பிடித்து அழுவாள். என் அக்கா "ம்" என்றாள். அப்புறம் வைத்துவிட்டாள். நான்கு மாதம் ஒன்றுமில்லை. பிறகு ஒரு நாள், எதுவுமே நடக்காததுபோல, வேறு ஏதோ கேட்கக் கூப்பிட்டாள். அந்தப் பழைய விஷயத்தை நாங்கள் இன்றுவரை பேசவில்லை.

நான் சொல்ல வருவது முழுக்க இதற்குள் இருக்கிறது. ஒரு செயலை எப்படிச் செய்வது என்று திரை காட்டும்போது அதில் பல நேரம் உண்மை இருக்கிறது, ஏனென்றால் எழுதியவர், நடித்தவர், வெட்டியவர் என்று பலர் அதைத் தேய்த்துத் தேய்த்துச் சரிசெய்திருக்கிறார்கள். செய்தால் அடுத்து என்ன நடக்கும் என்று திரை சொல்லும்போது கையை எடுத்துவிடுங்கள். செயல் கவனித்ததிலிருந்து வருகிறது. விளைவு தேவையிலிருந்து வருகிறது. படம் முடிய வேண்டும், அல்லது தொடர் முடியாமல் இருக்க வேண்டும்.

விளைவு எப்படித் தயாராகிறது என்பதற்குச் சரித்திரத்திலேயே எழுத்தில் ஓர் ஆதாரம் இருக்கிறது. ஹாலிவுட்டில் 1934-இலிருந்து 1968 வரை ஹேஸ் விதிகள் என்று ஒரு தணிக்கை விதிமுறை அமலில் இருந்தது. விதிகளை 1930-இலேயே எழுதிவிட்டார்கள். கறாராகச் செயல்படுத்தியது 1934-க்குப் பிறகு. குற்றவாளியின்மேல் பார்வையாளருக்கு அனுதாபம் வரக் கூடாது, குற்றம் ஜெயிப்பதாகக் காட்டக் கூடாது என்று அதில் இருந்தது. அந்தக் காலப் படங்களில் கெட்டவன் கடைசியில் மாட்டிக்கொள்வது வாழ்க்கையைப் பார்த்து யாரோ கண்டுபிடித்த உண்மை இல்லை. மாட்டவில்லையென்றால் அனுமதி முத்திரை கிடைக்காது. அதைப் பார்த்து "தப்பு செய்தவன் தப்பவே முடியாது" என்று ஒரு தலைமுறை பாடம் எடுத்துக்கொண்டிருந்தால், அவர்கள் கற்றது ஓர் அலுவலகத்தின் விதிமுறையை.

தொடர்களின் கதை இதற்கு நேர் எதிர். அங்கே எதுவும் முடியக் கூடாது. நான் வெட்டிய தொடர்களில் பாதிக் கதை, யாரோ ஒருவர் கதவுக்குப் பின்னால் நின்று பாதிப் பேச்சை மட்டும் கேட்பதால் ஓடியது. அந்த ஆள் உள்ளே வந்து "இப்போ என்ன சொன்னே?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எண்பது எபிசோடு மிச்சம். தொடர் பார்த்து நான் எடுத்துக்கொண்ட மிகவும் உபயோகமான பாடமே இந்தத் தலைகீழ்ப் பாடம்தான். வீட்டில் எதுவோ அரைகுறையாகக் காதில் விழுந்தால் உடனே போய்க் கேட்டுவிடுவேன். அசட்டுத்தனமாக இருக்கும், பரவாயில்லை. பாத்திரங்கள் செய்யாததைச் செய்வதும் கற்றல்தான். அப்படிப் பார்த்தால் மோசமான தொடர்களும் வீண் இல்லை. (எங்கள் ஆட்கள் இதைப் படித்தால் கோபப்படுவார்கள்.)

விளைவைவிடப் பெரிய ஏமாற்று ஒன்று உண்டு, அது காலம். ஒரு பெண் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளும் பகுதி ஒன்றை வெட்டினேன். ஆறு மணி நேரத்துக்குமேல் ஃபுட்டேஜ். இசையோடு எழுபது நொடிக்குள் வர வேண்டும். அந்த நடிகைக்கு நிஜமாகவே ஓட்டத் தெரியாது, அதனால் அருமையான தோல்விகள் நிறைய இருந்தன. வண்டி குலுங்கி நிற்கும், மறுபடி கிளம்பும், மறுபடி நிற்கும், அவர் ஸ்டியரிங்மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு பேசாமல் இருப்பார். எல்லாவற்றையும் வைத்து ஒரு வடிவம் செய்தேன். இயக்குநர் சொன்னார்: "இரண்டு தடவை நிற்கட்டும், மூணாவது தடவை ஓடணும். நாலாவது தடவையும் நின்னா ஜனங்க அவளை விட்டுடுவாங்க." அவர் சொன்னது தொழில்ரீதியாகச் சரி. அப்படித்தான் வெட்டினேன். ஆனால் அன்றிலிருந்து ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது. இப்படிப்பட்ட பகுதிகளை நூறு, இருநூறு பார்த்து வளர்ந்த ஒருவருக்கு, மூன்றாவது முறையும் தோற்றால் தனக்கு இது வராது என்றுதானே தோன்றும்? நிஜத்தில் அந்த நடிகை ஏறக்குறைய முப்பது தடவை நிறுத்தினார். அந்த முப்பதும் என் கணினியில் கிடந்தது, பிறகு இடம் போதவில்லை என்று அழித்தேன்.

இங்கே சோதித்துப் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். நாங்கள் வெட்டி எறிவது என்ன என்று யோசியுங்கள். பேசி முடித்ததும் "சரி, வைக்கட்டுமா?" என்று யாரும் திரையில் சொல்வதில்லை. சாவியைத் தேடுவதில்லை. பதில் வராத கடிதத்துக்காகக் காத்திருப்பது ஒரு ஷாட்டில் முடிந்துவிடும். சண்டை போட்ட மறுநாள் காலையில் அதே ஆளோடு ஒரே வீட்டில் என்ன பேசுவது என்று தெரியாமல் நடக்கும் அந்த நேரம் பெரும்பாலும் வராது. காத்திருத்தல், திரும்பத் திரும்பச் செய்தல், சலிப்பு, தர்மசங்கடம் இவற்றைப் பற்றித் திரையிடம் எதுவும் கேட்காதீர்கள். விதிவிலக்கான படங்கள் உண்டு. அவற்றை "ஸ்லோ" என்று நாமேதான் பாதியில் நிறுத்துகிறோம்.

அடுத்தது தகவல். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை, திரையில் கற்ற தகவல் ஆபத்து. ஒரு நீச்சல் குளத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். என் தங்கை மகள், அப்போது ஏழு வயது, என்னிடமிருந்து நான்கு மீட்டர் தூரத்தில் தண்ணீரில் இருந்தாள். தலை லேசாகப் பின்னால் சாய்ந்திருந்தது, வாய் தண்ணீர் மட்டத்தில், கை இரண்டும் பக்கவாட்டில் தண்ணீரை அழுத்திக்கொண்டிருந்தன. மேலே பார்த்து விளையாடுகிறாள் என்று நினைத்தேன். பக்கத்தில் இருந்த ஒரு பெண்மணி சட்டென்று குதித்து அவளைத் தூக்கினார். மூழ்குபவர்கள் கையை ஆட்டி "காப்பாத்துங்க" என்று கத்துவார்கள் என்று நான் நினைத்திருந்தேன். அப்படி ஒரு காட்சியை நானே வெட்டியிருக்கிறேன், கத்தலுக்கு எக்கோ போடச் சொல்லியும் இருக்கிறேன். நிஜத்தில் மூச்சு விடவே வாய் போதாதபோது கத்த முடியாது, கையைத் தூக்கி ஆட்டவும் முடியாது. உயிர்காப்பாளராக இருந்த ஃபிராங்க் பியா என்பவர் 1970-களிலேயே இதை விளக்கமாகப் பதிவு செய்திருக்கிறார். உடல் நேராக நிற்கும், சத்தம் இருக்காது, முழுகுவதற்கு முன் இருப்பது ஒரு நிமிடத்துக்கும் குறைவு. தங்கை மகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. என் கை அன்றைக்கு ராத்திரி வரை நடுங்கியது.

மருத்துவமனைக் காட்சிகளும் அப்படியே. 1996-இல் அமெரிக்க மருத்துவர்கள் மூன்று பேர் அங்கே பிரபலமாக இருந்த மூன்று தொலைக்காட்சி நிகழ்ச்சிகளின் 97 எபிசோடுகளை உட்கார்ந்து பார்த்துக் கணக்கெடுத்தார்கள். நின்றுபோன இதயத்தை மார்பை அழுத்தி மீட்கும் காட்சிகள் 60 இருந்தன. அதில் 75 சதவீதம் பேர் அப்போதைக்குப் பிழைத்தார்கள். 67 சதவீதம் பேர் வீடு திரும்பியதாகத் தெரிந்தது. நிஜத்தில் மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்றவர்களில் உயிரோடு வீடு திரும்புவது பத்தில் ஒருவர் அளவுக்குத்தான். இதைச் சொல்வது பயமுறுத்த இல்லை. முதலுதவி கற்றுக்கொள்வது அவசியம், உடனே செய்தால் வாய்ப்பு கூடும். ஆனால் உள்ளே கிடப்பவருக்கு என்ன ஆகும் என்று வெளியே காத்திருக்கும் குடும்பம் தொலைக்காட்சியை வைத்துக் கணக்குப் போட்டால், மருத்துவர் உண்மையைச் சொல்லும்போது அவர்மேல்தான் சந்தேகம் வரும்.

"அது சினிமா என்று தெரியாதா, நான் ஜாக்கிரதையாகத்தான் பார்ப்பேன்" என்று சொல்வீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். 2009-இல் உளவியல் ஆய்வாளர் ஆண்ட்ரூ பட்லரும் அவர் குழுவும் இதைச் சோதித்தார்கள். மாணவர்களுக்குச் சரியான வரலாற்றுக் குறிப்பைப் படிக்கக் கொடுத்து, கூடவே அதே நிகழ்வைத் தப்பாகக் காட்டும் படத் துண்டையும் காட்டினார்கள். பிறகு கேட்டால், படத்திலிருந்த தப்பையே படித்ததாக நினைத்து எழுதியவர்கள் நிறையப் பேர். படங்களில் தப்பு இருக்கலாம் என்று பொதுவாக எச்சரித்தது உதவவில்லை. "இந்தப் படத்தில் இந்த விஷயம் தப்பு" என்று குறிப்பாகச் சொன்னபோதுதான் பலன் இருந்தது. "இதெல்லாம் சும்மா கதை" என்ற பொதுவான உஷார் நமக்குக் கவசம் இல்லை என்று இதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். எது தப்பு என்று ஒவ்வொன்றாகத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. அலுப்பான வேலைதான்.

இதுவரை சொன்னது நாம் பார்த்ததாக நமக்கே தெரிந்த பாடங்கள். தெரியாமல் ஏறுபவை இன்னும் சுவாரசியம். பிரேசிலில் குளோபோ தொலைக்காட்சியின் தொடர்களை மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2012-இல் வெளியிட்டார்கள். 1965 முதல் 1999 வரை வந்த தொடர்களில், ஐம்பது வயதுக்கு உட்பட்ட முக்கியப் பெண் பாத்திரங்களில் 72 சதவீதம் பேருக்குக் குழந்தையே இல்லை. 21 சதவீதம் பேருக்கு ஒரே குழந்தை. சிறு குடும்பம் நல்லது என்று அங்கே யாரும் உட்கார்ந்து வசனம் பேசவில்லை. காட்சியில் குழந்தைகள் இல்லை, அவ்வளவுதான். அந்த அலைவரிசை போய்ச் சேர்ந்த பகுதிகளில் பிறப்பு குறைந்திருந்ததையும், பிள்ளைகளுக்கு அந்தப் பாத்திரங்களின் பெயர் வைப்பது கூடியதையும் கண்டார்கள். ஒரு எடிட்டராக எனக்கு இதில் ஆச்சரியமில்லை. வசனத்தில் சொல்லும் நீதியைப் பார்வையாளர் எதிர்த்து வாதாடுவார். பின்னணியில் சும்மா இருப்பதோடு யாரும் வாதாடுவதில்லை. உங்கள் பிடித்தமான தொடரை ஒரு முறை வசனத்தை விட்டுவிட்டுப் பாருங்கள். யார் வீடு எவ்வளவு பெரிது, அந்தச் சம்பளத்தில் அது சாத்தியமா, யார் உட்கார்ந்திருக்கிறார்கள், யார் நின்றுகொண்டே இருக்கிறார்கள், அழகில்லாதவருக்குக் கதையில் என்ன வேலை?

இதே வரிசையில், அதிகம் தொலைக்காட்சி பார்ப்பவர்கள் உலகத்தை உள்ளதைவிட ஆபத்தானதாக நினைக்கிறார்கள் என்று ஊடக ஆய்வாளர் ஜார்ஜ் கெர்ப்னர் பல வருடம் சொல்லிவந்தார். தொடர்பு இருப்பதாகத்தான் தெரிகிறது. ஆனால் பார்ப்பதால் பயம் வருகிறதா, பயந்த சுபாவம் உள்ளவர்கள் வெளியே போகாமல் அதிகம் பார்க்கிறார்களா என்ற சண்டை ஓயவில்லை. நான் எந்தப் பக்கமும் சத்தியம் செய்ய மாட்டேன்.

இன்னொரு பெரிய சிக்கல், ஒரே காட்சியில் இரண்டு பேர் இரண்டு பாடம் எடுப்பது. 1971-இல் அமெரிக்காவில் தொடங்கிய 'ஆல் இன் த ஃபேமிலி' தொடரில் ஆர்ச்சி பங்கர் என்ற அப்பா, எல்லா இனத்தாரையும் பற்றி வாய்க்கு வந்ததைப் பேசுபவர். அவரைக் கிண்டல் செய்யத்தான் எழுதினார்கள். 1974-இல் வந்த ஓர் ஆய்வு, ஏற்கெனவே அப்படிப்பட்ட எண்ணம் உள்ளவர்கள் ஆர்ச்சியை ரசித்து, வாக்குவாதத்தில் அவர்தான் ஜெயிப்பதாகவும் பார்த்தார்கள் என்று காட்டியது. தூர்தர்ஷனில் 1984-85-இல் வந்த 'ஹம் லோக்' இன்னும் நெருக்கமான உதாரணம். சமூகப் பாடம் சொல்லவே திட்டமிட்ட தொடர் அது. ஒவ்வொரு எபிசோடு முடிவிலும் நடிகர் அசோக் குமார் வந்து என்ன புரிந்துகொள்ள வேண்டும் என்று பேசுவார். எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளும் தாய் பாகவந்தி, இப்படி இருக்காதீர்கள் என்று காட்ட வைத்த பாத்திரம். பார்த்தவர்களில் கணிசமானோர், பெண்களும் சேர்த்து, பின்பற்ற வேண்டிய ஆளாக அவரைச் சொன்னார்கள். இத்தனைக்கும் பாடத்தை வாய்விட்டுச் சொல்லியும் இந்த நிலைமை. ஆகவே ஒரு படம் "கற்றுக்கொடுத்தது" என்று யாராவது சொன்னால், அதில் எவ்வளவு அவர் கொண்டுபோனது என்று யோசிப்பேன். என்னிடமும் அதே கேள்வியைக் கேட்டுக்கொள்வேன். எந்தக் காட்சி ஒட்டிக்கொண்டது என்பது படத்தைவிட அன்றைக்கு உங்களுக்கு என்ன தேவைப்பட்டது என்பதைத்தான் அதிகம் சொல்லும்.

வைத்துக்கொள்ள வேண்டியதில் முதல் இடம் நான் கொடுப்பது ஒன்றுக்கு: பேசுபவரைவிடக் கேட்பவரைப் பார்ப்பது. எடிட்டிங்கில் முதல் வருடமே இது பழகிவிடும். வசனம் யார் பேசினாலும் சீன் யாருடைய முகத்தில் நடக்கிறதோ அங்கே கட் பண்ண வேண்டும். இந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. நாலு பேர் பேசும் இடத்தில் பேசாமல் இருப்பவர் முகத்துக்குப் போகிறேன். அப்படித்தான் ஒரு முறை, எல்லோரும் மகிழ்ச்சியாக ஒரு திருமண ஏற்பாட்டைப் பேசிக்கொண்டிருந்தபோது, மணப்பெண் தன் கைக்கடிகாரத்தின் வாரைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்ததைப் பார்த்தேன். அப்புறம் தனியாகக் கேட்டேன். கேட்டது நல்லதாயிற்று, அதற்குமேல் அது அவள் கதை.

ஆனால் முகத்தைப் பார்க்கக் கற்றுக்கொண்டால் போதும், அதிலிருந்து மனதைப் படித்துவிட்டதாக நினைக்கக் கூடாது. ஒரு தாய் மகன் சொல்வதைக் கேட்டுக் கண்கலங்கும் ஷாட் ஒன்று எனக்குப் பாராட்டு வாங்கித் தந்தது. அந்த ஷாட் அந்தச் சீனுக்காக எடுத்ததே இல்லை. வேறொரு நாள் லைட் சரிசெய்யும்போது விளக்கு நேராக அடித்து அந்த அம்மாவுக்குக் கண் கூசியது, கேமரா ஓடிக்கொண்டிருந்தது. மகன் வசனத்துக்குப் பக்கத்தில் வைத்ததும் அது பாசமாகிவிட்டது. நூறு வருடத்துக்கு முன்பே ரஷ்யாவில் லெவ் குலஷோவ் என்ற இயக்குநர் ஒரே முகத்தைச் சூப்புக் கிண்ணத்தோடும் சவப்பெட்டியோடும் ஒட்டிக் காட்டிப் பசி, துக்கம் என்று பார்வையாளர்களைச் சொல்ல வைத்தார் என்று எங்கள் தொழிலில் கதையாகவே சொல்வார்கள். மூலப் படம் இன்று இல்லை, விவரங்களில் குழப்பம் உண்டு. ஆனால் வேலை நடக்கிறது என்பதற்கு என் மேசையே சாட்சி. ஆகவே அந்தப் பெண்ணின் கைக்கடிகாரத்தைப் பார்த்ததும் நான் முடிவுக்கு வரவில்லை, கேட்டேன். வார் இறுக்கமாக இருந்திருந்தால்கூட அப்படித்தான் செய்திருப்பாள்.

கடைசியாக உங்கள் வேலை விஷயம். விட்டது சரியா தப்பா என்று சொல்ல எனக்குத் தகுதியில்லை. உங்கள் மேலாளரை எனக்குத் தெரியாது, உங்கள் கையிருப்பும் தெரியாது. எல்லோர் முன்னிலும் ஒருவர் அவமானப்படுத்தும்போது குரல் உயர்த்தாமல் எழுந்து போவது என்ற அந்தச் செயலை நீங்கள் சரியாகத்தான் கற்றிருக்கிறீர்கள். அதைத் தூக்கிப் போட வேண்டாம். மிச்சத்துக்கு, அந்தப் படத்தை இன்னொரு முறை போடுங்கள். நாயகன் அட்டையை மேசையில் வைக்கிறான், திரும்புகிறான், நடக்கிறான். அங்கே நிறுத்தி, அடுத்த காட்சி எந்த இடத்தில், எவ்வளவு நாள் கழித்துத் தொடங்குகிறது என்று பாருங்கள். ஆறு மாதமா, ஒரு வருடமா? அந்த இடைவெளியில் அவன் யார் யாரைக் கூப்பிட்டிருப்பான், எத்தனை இடத்தில் "சொல்லி அனுப்புகிறோம்" என்று கேட்டிருப்பான், எத்தனை நாள் மதியம் வரை படுத்துக் கிடந்திருப்பான் என்று ஒரு தாளில் எழுதுங்கள். நீங்கள் இப்போது இருப்பது அந்த இரண்டு ஷாட்டுக்கு நடுவில். அங்கே எங்களிடம் ஃபுட்டேஜ் இல்லை. பெரும்பாலும் கதவு மூடும் சத்தத்திலேயே கட் பண்ணிவிடுவோம்.